அமிர்திக்குப் போனால் மரப்பட்டையைப் பாருங்கள்!

வேலூருக்குத் தெற்கே சுமார் 25 கிலோ மீட்டர் போனால், ஜவ்வாது மலையடிவாரத்தில் அமிர்தி. 1967-ல் ஏற்பட்ட சிறு மிருகக்காட்சி சாலை, காட்டுக்குள் ஒரு நீர்வீழ்ச்சி. குழந்தைகள் மானையும் மயிலையும் பார்த்துக் கொண்டிருக்கட்டும். மழை ஓய்ந்த நாளானால், தாய்மார்களே, நீங்கள் நிழலிலுள்ள மரப்பட்டைகளையும் ஈரப் பாறைகளையும் உற்றுப் பாருங்கள்.

செட்டிநாட்டுக் குழம்புக்குக் கல்பாசி தாளிக்கிறோமே, அது ஒரு லைக்கன். காளானும் பாசியும் நடத்தும் கூட்டுக் குடித்தனத்துக்குத்தான் அந்தப் பெயர். காளான் வீடு கட்டித் தருகிறது. பாசி சமையலைக் கவனிக்கிறது!

இந்த வம்சத்தில் ஒரு விசித்திரப் பிறவி ஜெல்லி லைக்கன். கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இதில் பல வகைகள் உண்டு. வெயில் காலத்தில் கருகிய காகிதத் துணுக்கு மாதிரி கிடக்கும். செத்துவிட்டது என்றே நினைப்போம். நாலு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், ஊறிய சப்ஜா விதைபோல் உப்பி வழவழவென்று ஆகிவிடும். அடையாளம் காண இதுவே முதல் சோதனை. உள்ளே குடியிருக்கும் பாசிக்கு நாஸ்டாக் என்று பெயர். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் முத்துமாலை கோத்து வைத்தாற்போல் இருக்கும்.

பெயர் சூட்டுவதில்தான் தகராறு! மெல்லியதாக நறுக்கிப் பார்த்து, மேலே ஒற்றைச் செல் கனத்தில் தோல் இருந்தால் லெப்டோஜியம், இல்லாவிட்டால் கொலீமா என்று நெடுங்காலம் பிரித்து வந்தார்கள். 2014-ல் ஓட்டலோரா, யோர்கென்சன், வெடின் என்ற மூவர் மரபணுக்களை ஒப்பிட்டு இந்தக் குடும்பத்தைத் திருத்தி அமைத்தார்கள். தோலை மட்டும் பார்த்து உறவு சொல்லக் கூடாது என்று தெரிந்தது. பல வகைகள் வேறு பெயர் பெற்றன. மனிதர்களுக்கும் பொருந்துகிற பாடம் அல்லவா?

ஒரு துண்டைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டு வரலாமா என்கிறீர்களா? வேண்டாம், அம்மா! பெரும்பாலான லைக்கன்கள் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். காற்றில் கந்தகப் புகை கலந்தால் முதலில் மடிகிறவற்றில் நாஸ்டாக் குடியிருக்கும் இனங்களும் உண்டு.

இதே வட்டாரத்தில்தான் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழில் நடக்கிறது. கழிவு நீர் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. தண்ணீர் கெட்டால் நிறமும் நாற்றமும் காட்டிக் கொடுத்துவிடும். காற்று கெட்டால் வாய் திறவாமல் எச்சரிப்பவை இந்த லைக்கன்கள். கையில் ஒரு பூதக்கண்ணாடியும் கொஞ்சம் தண்ணீரும் கொண்டு போங்கள். பாருங்கள், குழந்தைகளுக்கும் காட்டுங்கள். அது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்!