சக்கரங்களுக்கு மட்டும்

எங்கள் வீட்டின் கேட்டிலிருந்து போர்டிகோ வரை 30 அடி மண்தரை. ஐப்பசி மழையில் கார்ச்சக்கரம் புதைந்துவிடும். முழுவதையும் கான்கிரீட்டால் மூடிவிடலாம் என்றார் மேஸ்திரி: 5 அங்குலக் கனம், தெருவை நோக்கிச் சரிவு, விரிசல் தாறுமாறாக ஓடாதிருக்கப் 10 அடிக்கு ஒரு வெட்டு. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தச் சரிவு, கிணற்றுக்குச் சேரவேண்டிய நீரைச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். தமிழகத்தில் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பு 2003இல் சட்டமாயிற்று. வாசல் மண் அதற்கு முன்பிருந்தே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இறுதியில், இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டைகள், நடுவே மூன்றடி மண் என்று முடிவாயிற்று. ஈரச்சாக்கு விரித்து 10 நாட்கள் நீரூற்றினோம். 28 நாட்கள் கார் தெருவில் நின்றது. இப்போது நடுவில் அருகு படர்ந்திருக்கிறது. வண்டியைச் சற்றுக் கவனமாக ஏற்றவேண்டும், அவ்வளவுதான்.