காத்து போனா எந்தப் பக்கம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையின் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள், ஃபோர்மேன் ஒரு கன்ட்ரோல் வால்வைக் காட்டிக் கேட்டார்: “தம்பி, காத்து போச்சுன்னா இது எந்தப் பக்கம் விழும்?” எனக்குக் கேள்வியே புரியவில்லை. வால்வை இயக்கும் ஏர் லைன் அறுந்துபோனால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை ஒரு பக்கம் தள்ளிவிடும். எரிபொருள் வால்வு என்றால் மூடிக்கொள்ள வேண்டும். குளிர்நீர் வால்வு என்றால் திறந்துகொள்ள வேண்டும். ஓடும்போது எல்லா வால்வும் நல்ல வால்வுதான், நிற்கும்போதுதான் யார் எவர் என்று தெரியும் என்பார். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் போகும்போதுகூட இதைத்தான் பேசுவார்.

மீஞ்சூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு மூணடி டேங்க் இருக்கிறது. 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். உள்ளே செடிகள்: தரையில் மான்டி கார்லோ, பின்னால் ரொட்டாலா, கல்லிடுக்கில் பூசெஃபலாண்ட்ரா. கொஞ்சம் கார்டினல் மீன்கள். வருகிறவர்கள் செடியைப் பார்க்கிறார்கள், பிறகு லைட் என்ன விலை என்று கேட்கிறார்கள். கீழே ஸ்டாண்டின் கதவைத் திறந்து பார்த்தவர் இதுவரை யாருமில்லை. சிலிண்டர், ரெகுலேட்டர், கேனிஸ்டர் ஃபில்டர், டைமர், ரிலே, ஒயர்கள். எனக்கு டேங்க் என்றால் அந்த அலமாரிதான்.

செடித்தொட்டிக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பது நியாயமான கேள்வி. குளத்தில் வேலம்பாசி தானாக வளர்கிறதே. வளரும். ஆனால் காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது. போதாததற்கு, காற்றைவிட நீருக்குள் அது பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். நல்ல எல்இடி விளக்கைப் போட்டுவிட்டால் செடி அவ்வளவு வேகத்தில் சாப்பிடப் பார்க்கும், சாப்பாடு இருக்காது. அந்த இடைவெளியில் பாசி குடியேறும். அதனால் நாங்கள் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை கேஸைக் கரைக்கிறோம். விளக்குதான் ஆக்ஸிலரேட்டர். மற்ற எல்லாம் அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிறவை. புதிதாக வருகிறவர்கள் முதலில் வாங்குவதும் பெரிய விளக்கைத்தான். நானும் அப்படித்தான் வாங்கினேன். இன்று அதை அறுபது சதவீதத்தில், தினம் ஆறரை மணி நேரம்தான் எரிக்கிறேன்.

செடித்தொட்டிக் கலைக்கு உலக அளவில் முகம் கொடுத்தவர் ஜப்பானின் தகாஷி அமானோ. 1982இல் நீகாட்டாவில் ஏடிஏ நிறுவனத்தைத் தொடங்கினார், 2015இல் மறைந்தார். கண்ணாடிக் குழாய்கள், தரைக்கான பிரத்யேக மண், கேஸ் கருவிகள் என்று இன்று நாம் பார்க்கும் பொருள்களில் பாதிக்கு அவர் கைபட்டிருக்கிறது. நீகாட்டா பனி கொட்டும் ஊர், தண்ணீரும் மென்மையானது. அந்த ஊரை மனதில் வைத்துச் செய்த கருவிகளை மீஞ்சூருக்குக் கொண்டுவந்தால் முதல் சண்டை தண்ணீரோடுதான்.

எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,900. இது எங்கள் வீட்டு விதி மட்டுமில்லை. 1960களின் இறுதியில் தொடங்கி, ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகையில் கிணறு கிணறாகப் போட்டுச் சென்னைக்கும் மணலி ஆலைகளுக்கும் இறைத்தார்கள். நிலத்தடியில் நன்னீர் இறங்க இறங்கக் கடல் உள்ளே வந்தது. 1969இல் கரையிலிருந்து 3 கிலோமீட்டரில் இருந்த உப்பின் எல்லை 1987இல் ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்கு வந்துவிட்டது. ஒரு காலத்தில் ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த மீஞ்சூரின் பேரில், 2010இல் காட்டுப்பள்ளிக் கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். நாளுக்கு 10 கோடி லிட்டர். அந்த ஆலையின் முறையும் என் மொட்டைமாடியின் முறையும் ஒன்றேதான், ஆர்ஓ. எனக்கு வாரம் 75 லிட்டர் போதும். அந்த 75 லிட்டருக்கு அதைப்போல மூன்று மடங்கு ரிஜெக்ட் தண்ணீர் வெளியேறுகிறது. அது டாய்லெட்டுக்கும் வாசல் கழுவவும் போகிறது. வாசல் காய்ந்ததும் வெள்ளை பூக்கும்.

ஆர்ஓ நீர் செடிக்கு வெறும் பட்டினி. கால்சியமும் மெக்னீசியமும் திரும்பப் போட வேண்டும், கூடவே உரமும். இங்கே ஒரு வசதி உண்டு: பொன்னேரிப் பக்கம் இன்னும் விவசாயம் நடக்கிறது. அக்வேரியக் கடையில் சின்னப் புட்டியில் நிறம் கலந்து விற்கும் உரத்தின் பெரும்பகுதி, உரக்கடையில் 13-0-45 என்று கிலோ பாக்கெட்டில் கிடைக்கும் பொட்டாசியம் நைட்ரேட்தான். பாஸ்பேட்டுக்கு 0-52-34. முதல் முறை கேட்டபோது கடைக்காரர், “எத்தன ஏக்கர் சார்?” என்றார். மூணடி என்று சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த சண்டை வெயிலோடு. குளிர் நாட்டுப் பட்டியல்களில் ஹீட்டர் தவறாமல் இருக்கும். எங்கள் டேங்க் மே மாதம் சும்மா இருந்தாலே 32 டிகிரிக்குப் போகும். சில்லர் வாங்கலாம். அது தொட்டியின் சூட்டை எடுத்துக் கூடத்தில் கொட்டும், பிறகு கூடத்துக்கு ஏசி வேண்டும். நான் நான்கு சின்ன ஃபேன்களைத் தொட்டி விளிம்பில் மாட்டியிருக்கிறேன். நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, மண்பானைக் கணக்குதான். காலையில் மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும்வரை மூன்று டிகிரிகூடக் குறையும். மத்தியானம் எண்ணூர்ப் பக்கமிருந்து கடல்காற்று நுழைந்ததும் ஈரம் ஏறி, ஃபேன் வெறும் சத்தமாகிவிடும். ஆவியாகும் தண்ணீர் தினம் நாலு லிட்டர். இதை ஆர்ஓ நீரால்தான் நிரப்ப வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கிவிடும். சோம்பல்பட்டுப் போர் தண்ணீரை ஊற்றினால் என் 150 லிட்டர் தொட்டியில் ஒரே வாரத்தில் டிடிஎஸ் 350 கூடும்.

சிலிண்டரையும் இந்த வெயில் விடவில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவமாகிய கார்பன் டை ஆக்சைடு, மேலே கொஞ்சம் வாயு. 20 டிகிரியில் கேஜ் 57 பார் காட்டும். திரவம் இருக்கும்வரை முள் அங்கேயே நிற்கும், தீர்ந்ததும் சடாரென்று விழும். எல்லாக் கையேட்டிலும் இப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் 31.1 டிகிரிக்கு மேல் இந்த வாயுவுக்குத் திரவம் என்ற நிலையே கிடையாது, எவ்வளவு அழுத்தினாலும். எங்கள் சித்திரை மாதத்தில் அலமாரிக்குள் இருப்பது திரவமும் இல்லை, வழக்கமான வாயுவும் இல்லை. முள் இஷ்டத்துக்கு மேலே போகும், இரவில் இறங்கும். அதை நம்பி ஒரு முறை காலி சிலிண்டரோடு நின்றிருக்கிறேன். இப்போது கேஜைப் பார்ப்பதில்லை. கழுத்தில் பொறித்திருக்கும் காலி எடையை எழுதி வைத்துக்கொண்டு, மாதம் ஒரு முறை தராசில் வைக்கிறேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய அழுத்தச் சோதனையின் தேதியும் அதே கழுத்தில்தான் இருக்கிறது. தேதி தாண்டிய சிலிண்டரைக் கூடத்தில் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

ரெகுலேட்டரில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பேன். ஒற்றை நிலை ரெகுலேட்டரில், சிலிண்டர் தீரும் தறுவாயில் உள்ளழுத்தம் விழ விழ வெளியழுத்தம் ஏறும். நொடிக்கு மூன்று குமிழி என்று வைத்தது திடீரென்று எண்ண முடியாத வேகத்தில் கொட்டும். இரட்டை நிலை வாங்கினால் இந்த அசம்பாவிதம் அநேகமாக இல்லை. ரெகுலேட்டருக்கு அடுத்தது சோலனாய்டு. கரண்ட் இருந்தால் திறக்கும், போனால் ஸ்பிரிங் மூடிவிடும். ஃபோர்மேன் பார்த்தால் தலையாட்டியிருப்பார்.

தலையாட்டாத இடம் ஒன்று இருந்தது. ஆலையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவன், என் வீட்டில் செய்த தப்பு அது.

தொட்டிக்குப் பின்னால் இரண்டு பிளக் போர்டுகள். ஒன்று இன்வெர்ட்டர் லைன், மற்றது நேரடி லைன். ஃபில்டரும் விளக்கும் மணிக்கணக்கில் ஓடுகிறவை, இன்வெர்ட்டர் தாங்காது என்று நேரடி லைனில் கொடுத்தேன். சோலனாய்டு சில வாட்தானே என்று அதன் டைமரோடு இன்வெர்ட்டரில் செருகினேன். இடம் வசதியாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். ஒரு மே மாதம், காலை ஷிஃப்ட். பகலில் மூன்று மணி நேரம் கரண்ட் போயிருக்கிறது. எங்கள் ஊரைச் சுற்றி வல்லூரில் 1,500 மெகாவாட், அத்திப்பட்டு வட சென்னை அனல்மின் நிலையத்தில் அதற்கு மேலும். இருந்தும் போகும். அந்தப் புகைபோக்கிகள் இலவசமாக வானத்தில் விடுவதைத்தான் நான் காசு கொடுத்துச் சிலிண்டரில் வாங்குகிறேன் என்பது வேறு கதை.

கரண்ட் போனதும் ஃபில்டர் நின்றது. நீர்ப்பரப்பில் அசைவு நின்றது. விளக்கு அணைந்ததால் செடிகள் ஆக்சிஜன் விடுவதை நிறுத்தி, அவையும் மூச்சு வாங்கத் தொடங்கின. கேஸ் மட்டும் இன்வெர்ட்டர் தயவில் நொடிக்கு மூன்று குமிழி என்று நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தபோது கார்டினல்கள் எல்லாம் மேற்பரப்பில். டிராப் செக்கரில் நிறம் எலுமிச்சை மஞ்சள். அது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. 4 டிகிரி கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) கரைசலில் புரோமோதைமால் புளூ சேர்த்துத் தொட்டிக்குள் ஒட்டியிருப்போம். நீலம் என்றால் கேஸ் குறைவு, பச்சை என்றால் 30க்குப் பக்கம், மஞ்சள் என்றால் ஓடு. ஆனால் நிறம் மாற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது சொல்வது எப்போதுமே பழைய செய்தி. வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றியும் நாற்பதில் ஏழுதான் மிஞ்சின. செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அதுதான் கோபமாக இருந்தது.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மீன்களைச் செம்பருத்தி வேரில் புதைத்துவிட்டு வந்து, “ஆபீஸ்ல இப்படித்தான் வேல பாப்பீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 230 வோல்ட் ரிலே ஒன்று வாங்கிவந்தேன். இன்று ஒயரிங் இப்படி: கேஸ் நேரடி லைனில் மட்டும், ஃபில்டர் இருக்கும் அதே சர்க்யூட்டில். ஏர் பம்ப் இன்வெர்ட்டர் லைனில், ரிலேயின் வழியாக. நேரடி லைன் உயிரோடு இருக்கும்வரை ரிலே ஏர் பம்பைப் பிடித்து வைத்திருக்கும். லைன் போன நொடியில் விட்டுவிடும், பம்ப் ஓடத் தொடங்கும். கேஸ் மூடும், காற்று திறக்கும். பழைய டைமர்களையும் தூக்கிப்போட்டேன். சக்கரம் சுற்றுகிற டைமர் கரண்ட் இல்லாத நேரத்தைக் கணக்கில் எடுக்காது. இரண்டு லைனில் இரண்டு டைமர் இருந்தால், ஒரு மாதத்தில் விளக்கின் காலையும் கேஸின் காலையும் வேறு வேறு ஆகிவிடும். இப்போது பேட்டரி உள்ள டிஜிட்டல். கேஸ் விளக்குக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வருகிறது, ஒரு மணி நேரம் முன்னால் போகிறது.

மற்றவற்றையும் அதே கண்ணால் பார்த்தேன். ஃபில்டரின் ஓஸ் கழன்றால் தொட்டி எதுவரை காலியாகும்? உள்ளிழுக்கும் குழாயில் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு துளை போட்டால் அங்கே காற்றை இழுத்து நின்றுவிடும். ஒயரில் தண்ணீர் வழிந்தால்? பிளக்குக்குக் கீழே தொங்கும்படி ஒரு வளையம் விட்டால் சொட்டு அங்கேயே விழும். உப்புக்காற்றில் பிளக் பச்சை பிடித்துச் சூடேறுகிறது, ஆகவே வருடத்துக்கு ஒரு முறை மாற்று. எல்லாவற்றுக்கும் மேலே, மின்கசிவு கண்டால் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, ஏனென்றால் தொட்டிக்குள் கை விடுபவன் நான் மட்டுமில்லை, என் மகளும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எங்கள் தெருவில் கரண்ட் போனது மூன்று நாள். ரிலே தன் வேலையைச் செய்தது, முதல் இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடியது. மறுநாள் இன்வெர்ட்டர் செத்தது. பிறகு மகளும் நானும் முறை வைத்துக்கொண்டு, மக்கில் தொட்டி நீரை மொண்டு ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றினோம். மழையால் தண்ணீர் 24 டிகிரிக்கு இறங்கியிருந்தது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் கூடுதலாக நிற்கும், அந்த ஒரு உபகாரம் புயல் செய்தது. செடிகளைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மூன்று நாள் இருட்டைப் பாசிக்கு மருந்தாக நாங்களே கொடுப்பதுண்டு.

மூன்றாம் இரவு ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. “ஏங்க, வந்துடுச்சு, ஃபில்டர் ஓடுதான்னு பாருங்க” என்றாள் மனைவி. ஓடவில்லை. பிளக்கை முதல் நாளே பிடுங்கி வைத்திருந்தேன். மூடிய டப்பாவுக்குள் மூன்று நாள் நின்ற தண்ணீரில் ஆக்சிஜன் முதல் சில மணி நேரத்திலேயே தீர்ந்திருக்கும். அதற்குப் பிறகு அழுகல்தான். அப்படியே ஓடவிட்டால் அத்தனையும் தொட்டிக்குள் போகும். கேனிஸ்டரைப் பின்கட்டுக்குத் தூக்கிப்போய்த் திறந்தேன். கூழ்முட்டை வாடை. தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினேன், தெருவில் ஏற்கெனவே நின்ற வெள்ளத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. பஞ்சையும் கல்லையும் தொட்டி நீரிலேயே அலசி, திரும்ப அடுக்கி, பூட்டி, பிளக்கைச் செருகினேன். கண்ணாடிக் குழாயில் முதலில் காற்று, பிறகு இரண்டு மூன்று துப்பல், பிறகு நீர். பரப்பு அசைந்தது.

விளக்கைப் போடவில்லை. டார்ச்சை அடித்து மீன்களை எண்ணினோம். எனக்கு இருபத்தெட்டு, மகளுக்கு இருபத்தேழு. திரும்ப எண்ணலாம் என்றாள். அதற்குள் அவை கல்லுக்குப் பின்னால் போய்விட்டன.