பழைய கணிப்பொறிக்குப் புதிய நினைவகம்

சென்னையின் மேற்குப் பகுதியில் உள்ள அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டில் தோன்றியது. அங்குள்ள சிறு தொழிற்கூடங்களில் பேரேட்டின் பணியைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டு பல்லாண்டுகள் ஆயின. நெடுங்காலம் உழைத்த கணிப்பொறி நாளடைவில் தளர்கிறது. கூலி வழங்கும் நாளன்று கணக்கைத் திறப்பதற்கே நெடுநேரம் ஆகிறது. தொழிலாளர் காத்து நிற்கின்றனர். புதியது வாங்கவோ பெரும்பொருள் வேண்டும். என் செய்வது?

மாணவர்களே, முதலில் நோயின் காரணத்தை நாடுதல் வேண்டும். நூலாராயும் புலவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர்தம் நூல்கள் யாவும் பேழையில் உள்ளன. அப்பொழுதைக்கு வேண்டியவற்றை மட்டும் மேசைமீது விரித்து வைக்கிறார். கணிப்பொறியில் பேழை போன்றது வன்தட்டு. மேசை போன்றது 'ராம்' எனப்படும் நினைவகம். மேசை சிறிதாயின் ஒரு நூலைப் பேழையில் வைத்த பின்னரே மற்றொன்றை விரிக்க இயலும். நாளுக்கு நாள் புதிய செயலிகள் மிகுதியான இடம் கேட்கின்றன. இடம் போதாத கணிப்பொறி வன்தட்டிற்கும் நினைவகத்திற்கும் இடையே ஓயாது அலைகிறது. தளர்ச்சிக்கு இதுவே காரணமாயின், நினைவகத்தைப் பெருக்குதலே மருந்து.

இன்றைய நினைவகத்திற்கு அடிப்படையான நுட்பத்தை அமெரிக்கப் பொறியாளர் இராபர்ட் டென்னார்டு 1966இல் கண்டார். நுண்ணிய மின்தேக்கிகளில் நிற்கும் மின்னூட்டமே அதில் செய்தியாகிறது. அது கசியுமாதலின் நொடிதோறும் பன்முறை புதுப்பிக்கப்படுகிறது. மின்சாரம் நின்றால் யாவும் மறையும்.

எந்த நினைவகமும் எந்தப் பொறிக்கும் பொருந்தாது. டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 ஆகிய இரண்டிற்கும் 240 முனைகளே. ஆயினும் வெட்டுவாய் அமைந்த இடம் வேறு. மின்னழுத்தமும் முறையே 1.8 வோல்ட்டு, 1.5 வோல்ட்டு என வேறுபடும். வலிந்து செலுத்தினால் பலகையும் பொருத்துவாயும் கெடும். தாய்ப்பலகை எவ்வளவு நினைவகத்தை ஏற்கும் என்பதையும் அறிதல் வேண்டும். 32 பிட்டு இயங்குதளமாயின், 4 ஜி.பி.க்கு மேற்பட்டது பெரும்பாலும் பயன்படாது.

பொருத்துமுன் மின்கம்பியைக் கழற்றுக. உடலில் தங்கிய மின்னூட்டம் நீங்க, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொடுக. பின்னர் வெட்டுவாயை ஒத்து வைத்து, பக்கத்துப் பிடிகள் பூட்டிக்கொள்ளும்வரை சீராக அழுத்துக.

எறியப்படும் கணிப்பொறியில் ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் உண்டு. அவை மண்ணையும் நீரையும் கெடுக்கும். கையகலப் பலகை ஒன்று அக்கேட்டைச் சில ஆண்டுகள் தள்ளி வைக்கிறது. கூலிநாளில் தொழிலாளரையும் உரிய நேரத்தில் வீடு சேர்க்கிறது. சிறு செலவில் இத்துணைப் பயன் விளையுமாயின், ஆராயாது எதனையும் எறிதல் தகுமோ?