பன்னிரண்டரை இலட்சம் காலடிகள்

மனிதர் எவற்றை எண்ணுகிறார்கள் என்பதைக் கொண்டே அவர்கள் உள்ளம் எங்கே இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். வணிகன் காசை எண்ணுகிறான். நோயாளி நாட்களை எண்ணுகிறான். மகனை அயலூருக்கு அனுப்பிவிட்ட தாய், கடிதம் வராத கிழமைகளை எண்ணுகிறாள். 1871ஆம் ஆண்டின் முற்பகுதியில், இன்று தென் சூடான் எனப்படும் நாட்டின் மேற்குப் பகுதியில், முப்பத்துநான்கு வயதான செர்மானியத் தாவரவியலர் ஒருவர் தம் காலடிகளை எண்ணிக்கொண்டு நடந்தார். நூறு நூறாக எண்ணி, குறிப்பேட்டில் கோடிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினார். ஆறு மாதங்களில் அந்தக் கணக்கு ஏறத்தாழ பன்னிரண்டரை இலட்சத்தை எட்டியது.

அவர் பெயர் கேயோர்க் ஷ்வைன்ஃபுர்ட். 1836ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், அந்நாளில் உருசியப் பேரரசில் அடங்கியிருந்த ரீகா நகரில், செர்மன் மொழி பேசும் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். ஹைடல்பெர்க், மியூனிக், பெர்லின் ஆகிய நகரங்களில் தாவரவியல் பயின்றார். சூடானிலிருந்து வேறு பயணிகள் கொண்டுவந்த உலர்ந்த செடிகளை வகைப்படுத்தும் பணி இளமையிலேயே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. காகிதத்தில் ஒட்டிய அந்தக் காய்ந்த இலைகளே அவரை ஆப்பிரிக்காவுக்கு அழைத்தன எனலாம். 1863 முதல் 1866 வரை செங்கடற்கரையிலும், அக்கடலுக்கும் நைல் நதிக்கும் இடைப்பட்ட வறண்ட நிலத்திலும் அலைந்து செடிகளைத் திரட்டினார். 1868இல் பெர்லினிலிருந்த ஹம்போல்ட் அறக்கட்டளை அவருக்குப் பொருளுதவி அளித்து, நடு ஆப்பிரிக்காவின் செடிகொடிகளை ஆராயுமாறு அனுப்பிவைத்தது. 1869 சனவரியில் கார்ட்டூமிலிருந்து புறப்பட்டு, வெள்ளை நைல் வழியாகப் பஹ்ர்-அல்-கஸால் ஆற்றுப்பகுதியை அடைந்தார்.

இங்கே ஒரு செய்தியை மனத்தில் இருத்த வேண்டும். அவரிடம் படை இல்லை. தனியே செல்லக்கூடிய நாடும் அன்று அதுவன்று. கார்ட்டூம் வணிகர்கள் அந்தப் பகுதியெங்கும் முள்வேலியிட்ட பாளையங்களை நிறுவியிருந்தார்கள். ‘செரிபா’ என்பது அவற்றின் பெயர். யானைத் தந்தம் வாங்குவது வெளிப்படையான தொழில். ஊர்களைச் சூறையாடி மாடுகளையும் மனிதர்களையும் கவர்ந்து செல்வது அதனோடு ஒட்டிய தொழில். ஷ்வைன்ஃபுர்ட் இந்த வணிகர்களின் காவலில், அவர்கள் பாளையங்களில் தங்கி, அவர்கள் வழிகளில்தான் நடந்தார். செடி தேடி வந்தவருக்கும் ஆள் தேடி வந்தவருக்கும் பாதை ஒன்றாகவே இருந்தது.

இருந்தும் அவர் கண்கள் பழுதற்றவை. போங்கோ மக்கள் மண்ணால் உலை கட்டி இரும்பு உருக்கும் திறத்தை அவர் வியந்து வரைந்தார். அந்த மக்கள் பாளைய வணிகர்களின் ஒடுக்குமுறையால் அருகிவருவதையும் மறைக்காமல் எழுதினார். அசாண்டே மக்களின் நாட்டைக் கடந்து, நைல் நதியின் நீர்ப்பிரிமேட்டைத் தாண்டி, 1870 மார்ச் 19ஆம் நாள் வெல்லே ஆற்றின் கரையை அடைந்தார். அந்த ஆறு மேற்கு நோக்கி ஓடியது. ஆகவே அது நைலைச் சேர்ந்ததாக இருக்க முடியாது என்று சரியாகவே உணர்ந்தார். அது சாடு ஏரிப் பக்கம் போகிறது என்று அவர் கருதியது தவறு. அதன் நீர் உபாங்கி வழியே காங்கோவைச் சேர்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆற்றின் அக்கரையில் மங்பெட்டு மன்னர் முன்சாவின் அரசவையில் மூன்று வாரம் தங்கினார். மரத்தாலும் ஓலையாலும் எழுப்பப்பட்ட அந்த மாபெரும் மண்டபமும், மன்னர் பூண்டிருந்த செப்பு அணிகளும் அவர் தூரிகையால் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன.

வடக்கே திரும்பிய பின், 1870 டிசம்பரில், அவர் தங்கியிருந்த பாளையத்தில் தீப்பிடித்தது. மழை ஓய்ந்து புல்லெல்லாம் காய்ந்திருக்கும் காலம் அது. நெருக்கமாக எழுப்பிய கூரைக் குடிசைகள் சிறிது நேரத்தில் சாம்பலாயின. ஐரோப்பாவுக்கு முன்னரே அனுப்பப்பட்ட செடிகள் தப்பின. அவர் கையோடு வைத்திருந்தவற்றுள் பெரும்பகுதி அழிந்தது. பூச்சிகளின் சேகரிப்பு, ஆயிரக்கணக்கான காற்றழுத்த அளவீடுகள், பல மொழிகளின் சொற்பட்டியல்கள், நாட்குறிப்புகள், விலையுயர்ந்த கருவிகள், கடிகாரங்கள் எல்லாம் போயின. ஏறத்தாழ இரண்டாண்டு உழைப்பின் பலன் ஒரு பிற்பகலில் புகையாயிற்று.

கடிகாரம் இல்லையென்றால் நடந்த நேரத்தைக் கணக்கிட முடியாது. நேரம் தெரியாவிட்டால் தொலைவு தெரியாது. தொலைவு தெரியாவிட்டால் வரைபடம் இல்லை. அந்த நிலையில் எவரும் ஊர் திரும்பியிருப்பர். அவரோ தம் உடலையே கருவியாக்கினார். மேற்கே இருந்த பாளையங்களையும், அடிமை வணிகத்தால் பெயர்பெற்ற சுபைரின் தலைமை இடத்தையும் நோக்கி ஒரு புதிய பயணத்தைத் தொடங்கி, ஒவ்வொரு காலடியையும் எண்ணினார். ஒரு காலடி அறுபது, எழுபது சென்டிமீட்டர் என்று கொண்டால், எண்ணி நடந்த தொலைவு 800 கிலோமீட்டரைத் தொடும். 1871 சூலையில் அவர் கார்ட்டூம் சேர்ந்தார்.

‘ஆப்பிரிக்காவின் இதயம்’ என்னும் பொருளுடைய பெயரில் வெளிவந்த அவருடைய பயண நூலைப் படித்து வந்த நான், இந்த இடத்தில் நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். இழப்பைத் தாங்கும் வழிகளைப் பற்றி எவ்வளவோ சொல்கிறோம், கேட்கிறோம். வீடு எரிந்தவரிடமும், விளைச்சல் இழந்தவரிடமும் ஆறுதலாகப் பெரிய சொற்களைத் தேடுகிறோம். இங்கே ஒருவர் பெரிய சொல் எதையும் தேடவில்லை. மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினார். பொறுமை என்பது கைகட்டி அமர்ந்திருப்பது என்று நினைப்போருக்கு இந்தக் காலடிகள் நல்ல விடை.

ஆனால் அதே நூலில் நான் நின்றுவிட்ட இடம் இன்னொன்றும் உண்டு. முதலாவது இடத்தில் வியந்து நின்றேன். இங்கே விலகிச் செல்ல இயலாமல் நின்றேன்.

முன்சாவின் அரசவையில் ஷ்வைன்ஃபுர்ட், அக்கா எனப்படும் உயரம் குறைந்த காட்டு மக்களைக் கண்டார். ஹோமர் காலம் முதல் கதையாகவே பேசப்பட்டு, கதையென்றே பலர் ஒதுக்கிவிட்ட மக்கள் அவர்கள். அறிவுலகம் அவரை நினைவிற்கொள்ளும் காரணங்களுள் இந்தச் சந்திப்பும் ஒன்று. அவர்களைப் பார்த்ததோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. தம்மிடமிருந்த ஒரு நாயை மன்னருக்குக் கொடுத்தார். அதற்கு ஈடாக மன்னர் ஓர் அக்காச் சிறுவனைக் கொடுத்தார். சிறுவனின் பெயர் ன்செவூவே. ஏறத்தாழ பதினைந்து வயது.

நாய்க்கு மாற்றாக வந்த அந்தச் சிறுவனை அவர் கொடுமைப்படுத்தவில்லை. உடை அணிவித்தார். வேறெந்த ஆப்பிரிக்கருக்கும் அளிக்காத இடத்தை அளித்து, தம்மோடு உணவருந்தச் செய்தார். ஒன்றரை ஆண்டுக் காலம் அவன் அவரோடு இருந்தான். ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்லும் நோக்கத்துடன் நைல் வழியாக வடக்கே கொண்டுவந்தார். 1871இல் பெர்பர் நகரில் வயிற்றுக்கடுப்பு கண்டு சிறுவன் இறந்தான்.

அந்த இறப்பு அவரை உலுக்கியது. துயரத்தால் தளர்ந்து நிற்கவும் இயலாமற் போனதையும், இரண்டாண்டு கடந்த பின்னும் நினைக்குந்தோறும் அந்தப் புண் திறப்பதையும் அவரே எழுதுகிறார். அந்தச் சொற்கள் பொய்யல்ல என்றே நினைக்கிறேன். தந்தை ஒருவர் மகனை இழந்து அழும் குரல் அதில் கேட்கிறது. ஆயினும் அதே பக்கங்களில், சிறுவன் அளவுக்கு மீறி உண்டதே அவன் நோய்க்குக் காரணம் என்றும் எழுதிவிடுகிறார். நாட்டையும் காட்டையும், பேசுவதற்குத் தன் மொழியினர் ஒருவரையும் இழந்த சிறுவனுக்கு உணவைத் தவிர வேறென்ன எஞ்சியிருந்தது என்னும் கேள்வி அவருக்கு எழவில்லை. அவனைப் பெற்றவள் ஒருத்தி இருந்திருப்பாள். அவளும் நாட்களை எண்ணியிருப்பாள்.

முன்சாவின் ஊரிலிருந்து பாளையங்கள் வரை வந்த நெடுவழியில் அந்தச் சிறுவனும் நடந்திருப்பான். அவன் கால்கள் சிறியவை. ஒரே தொலைவுக்கு அவன் வைத்த காலடிகள் மிகுதி. அவற்றுக்குக் கணக்கில்லை.

ஒரு செயலைத் தீர்ப்பிடும்போது செயல், நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று குருமடத்தின் அறநெறி வகுப்பில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அந்த நிறைகோலில் இதை வைத்துப் பார்க்கிறேன். நோக்கம் அறிவைத் தேடுவது. அதில் கயமை இல்லை. சூழ்நிலையோ மனிதரை விற்பதும் வாங்குவதும் அன்றாடமாகிவிட்ட நாடு. அதுவும் குற்றத்தின் கனத்தைச் சற்றே குறைக்கலாம். ஆனால் செயல்? மனிதனை நாய்க்கு மாற்றாகப் பெறுவது எந்தச் சூழ்நிலையிலும் நற்செயலாகிவிடாது. இதில் வேதனை என்னவென்றால், ஷ்வைன்ஃபுர்ட் அடிமை வணிகத்தைக் கண்டித்தவர். அந்த வணிகத்தின் கொடுமைகளை விரிவாகத் தம் நூலில் விளக்கி, ஐரோப்பாவின் மனச்சான்றைத் தட்டியெழுப்ப முயன்றவர். பிறர் கையிலிருந்த சங்கிலி அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. தம் கையில் இருந்தது அன்பு என்றே நம்பினார்.

மங்பெட்டு நாட்டில் மனிதத் தலையோடுகளையும் அவர் கேட்டுப் பெற்றார். கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ இருநூற்றில் நாற்பதை மட்டுமே பழுதின்றிக் காக்க முடிந்தது. செடியை எண்ணியது போலவே அவற்றையும் எண்ணினார். அவை யாருடையவை என்று கேட்பது அக்கால அறிவியலின் வழக்கமாக இல்லை. அக்கேள்வியை இன்று அறிவியலே கேட்கிறது. பெர்லினின் சாரிட்டே மருத்துவ நிறுவனம் தன்னிடம் நூறாண்டாகக் கிடந்த இருபது தலையோடுகளை 2011இல் நமீபிய மக்களிடம் திருப்பி ஒப்படைத்தது. அறிவு முதிரும்போது எண்ணிக்கைக்குப் பின்னால் முகம் தெரியத் தொடங்குகிறது போலும்.

ஷ்வைன்ஃபுர்டின் பிற்கால வாழ்வு நெடியது. 1875இல் எகிப்திய ஆளுநர் இஸ்மாயில் கெய்ரோவில் புவியியல் கழகம் அமைத்தபோது அதன் முதல் தலைவரானார். அதே ஆண்டில், தாம் கண்ட மக்களின் கைவினைகளை ஓவியங்களோடு தனி நூலாக வெளியிட்டார். வெளிநாட்டு மலிவுச் சரக்கு வந்து அந்தக் கலைகளை அழித்துவிடும் என்ற அச்சமே அந்த நூலுக்குத் தூண்டுதல். 1881இல் தேபெசு நகருக்கு அருகே எகிப்தின் பழம் மன்னர்களின் உடல்கள் கண்டெடுக்கப்பட்டபோது, அவற்றின் மீது கிடந்த மலர் மாலைகளை ஆராய்ந்தவர் அவரே. மூவாயிரம் ஆண்டாக உலர்ந்து கிடந்த இதழ்களைப் பிரித்து, இது தாமரை வகை, இது அலரி இலை என்று பெயர் சொன்னார். 1925 செப்டம்பர் 19ஆம் நாள் பெர்லினில் இறந்தார். அந்நகரின் தாவரத் தோட்டத்திலேயே அவர் கல்லறை இருக்கிறது.

அவர் வாழ்வைத் தொட்ட தீ அங்கும் வந்தது. 1943 மார்ச்சு மாத முதல் இரவில் நிகழ்ந்த வான்தாக்குதலில் பெர்லின் தாவர அருங்காட்சியகம் எரிந்தது. இலட்சக்கணக்கான உலர்ந்த செடிகள் அதில் சாம்பலாயின. ஆப்பிரிக்கக் குடிசைத் தீயில் அகப்படாத செடிகளுக்கும் அந்தப் போர்த்தீ காத்திருந்தது. பிற நகரங்களுக்கு அவர் பங்கிட்டுக் கொடுத்திருந்த படிகளே பல இடங்களில் இன்று எஞ்சியிருக்கின்றன. கொடுத்தது நின்றது, வைத்தது எரிந்தது.

அவரைப் போற்றுவதா, பழிப்பதா என்று கேட்பவர்களுக்கு எளிய விடை என்னிடம் இல்லை. எரிந்த சாம்பலின் நடுவே எழுந்து ஒன்று என்று எண்ணத் தொடங்கிய அந்த மனத்திடம் நான் வணங்கத்தக்கது. ஒரு தாயின் மகனை நாய்க்கு மாற்றாகப் பெற்றுக்கொண்ட அந்தக் கை மன்னிக்கப்பட வேண்டியது. இரண்டும் ஒரே மனிதருடையவை. ஒன்றை மறைத்து மற்றொன்றைச் சொல்வது அவருக்கும் நீதியன்று, அந்தச் சிறுவனுக்கும் நீதியன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டுகளில் அதே பாதை வழியாக ஆயிரமாயிரம் சிறுவர் சிறுமியர் வடக்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ன்செவூவே என்னும் பெயர் மட்டும் நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து இந்தப் பக்கம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. அவனை அவன் காட்டிலிருந்து பிரித்தவர் எழுதிவைத்த பெயர் அது. இறப்புப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயரை எழுதும்போது, பேனா இயல்பாகவே மெதுவாகச் செல்வதை உணர்ந்திருக்கிறேன். அந்தப் பெயரை எழுதியபோது ஷ்வைன்ஃபுர்டின் பேனாவும் அப்படித்தான் சென்றிருக்கும்.