கோலின் செம்மை

அரசன் கையில் இருந்தால் செங்கோல். அதுவே வளைந்தால் கொடுங்கோல். வணிகனிடம் துலாக்கோல். எழுதுவோனிடம் எழுதுகோல். திருக்குறளின் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, அதையடுத்த 56ஆம் அதிகாரம் கொடுங்கோன்மை. இரண்டையும் வகுப்பில் பலமுறை நடத்திய நமக்கு, ஒரு கோல் நேராயிருப்பது எத்தனை அரிய செயல் என்பதைக் கைப்படக் காட்டியது வீட்டுப் பின்கட்டில் உள்ள சிறு மரக்கடைசல் எந்திரம்.

மரத்தில் பேனா கடைவது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவலான பொழுதுபோக்கு. மரத்துண்டின் நடுவே 7 மில்லிமீட்டர் துளையிட்டுப் பித்தளைக் குழாயை ஒட்ட வேண்டும். அதன் இரு முனைகளிலும் ‘புஷ்’ எனப்படும் எஃகு வளையங்களை வைத்து, எல்லாவற்றையும் ஒரு மெல்லிய எஃகுக் கோலில் கோத்து, மரையை முடுக்கிச் சுழலவிட வேண்டும். உளி புஷ்ஷின் விட்டம் வரை இறங்கினால் வேலை முடிந்தது. பேனாவின் உலோக வளையமும் அதே விட்டம் கொண்டது. அந்தக் கோலுக்கு மாண்ட்ரல் என்று பெயர்.

நம் ஊரில் மாண்ட்ரல் விற்கும் கடை இல்லை. இரும்புக் கடையில் கம்பி இருக்கிறதே என்று போனோம். “சார், கிரில்லுக்கா, கதவுக்கா?” என்றார் கடைக்காரர். பேனாவுக்கு என்றோம். “பேனாவுக்கு எதுக்கு சார் கம்பி?” என்று சிரித்தபடியே நான்கைந்து கம்பிகளை எடுத்துப் போட்டார். அவற்றைக் கடையின் கண்ணாடி மேசைமீது உருட்டிப் பார்த்தோம். நேரான கம்பி ஓசையின்றி உருளும். வளைந்தது தடதடக்கும், அடியில் வெளிச்சம் கசியும். நேராய் உருண்டது ஒன்றே ஒன்று.

நேராயிருந்தால் மட்டும் போதுமா? சிறிய பேனாக்களுக்கான மாண்ட்ரலின் விட்டம் ஏறத்தாழ 6.25 மில்லிமீட்டர். கடைக் கம்பியோ 6 மில்லிமீட்டர். புஷ்ஷுக்குள் கால் மில்லிமீட்டர் ஆடும். கால் அங்குலக் கம்பி என்றால் 6.35, பல புஷ்களில் நுழையவே நுழையாது. ஆடும் கோலில் கடைந்த மரம் ஒருபுறம் வளையத்தைவிட மேடாகவும் மறுபுறம் பள்ளமாகவும் நிற்கும். மேடு தலைமயிரின் பருமன்தான். கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது.

யாருடைய விரலுக்கு என்பதையும் சொல்லிவிடுகிறோம். நமக்கு யாப்பு கற்பித்த ஆசிரியருக்கு இப்போது கை நடுக்கம். மெல்லிய பேனா அவர் பிடியில் நிற்பதில்லை. கையொப்பத்தையே தவிர்க்கத் தொடங்கிவிட்டார். அவருக்காகப் பருத்த உடல் கொண்ட பேனா ஒன்றைக் கடைய எண்ணினோம். எழுத்தெண்ணித் தளை பார்த்த அந்த விரல்கள் மயிரளவு மேட்டையும் கண்டுகொள்ளும்.

ஆகவே கடைக் கம்பிக்கு வேறு பணி தந்தோம். சுழலாத இடங்களில் அதற்கு நிகரில்லை. மெருகு உலரப் பேனா உடல்களைச் செருகி வைக்கும் தாங்கிக்கு அது போதும். தவறாக இணைந்த பாகங்களைத் தட்டிப் பிரிக்கவும் போதும். பாகங்களை அழுத்திப் பொருத்தும் வீட்டுச் சட்டத்தில் வழிகாட்டுத் தண்டாகவும் நன்றாகவே உழைக்கிறது. சுழலும் இடத்துக்கு மட்டும் ‘சில்வர் ஸ்டீல்’ கோலை வாங்கிப் பட்டறையில் உரிய அளவுக்குத் தேய்த்து வாங்கினோம். பெயரில் வெள்ளி உண்டே தவிர உலோகத்தில் இல்லை. சாணை பிடித்துத் துல்லியமாக்கிய எஃகு அது.

அதற்கும் ஒரு நெறி உண்டு. மரையை அளவுக்கு மீறி முடுக்கினாலும், எதிர்முனைத் தாங்கியை இறுக்கி அழுத்தினாலும், நேரான கோலும் வில்லாய் வளையும். தேவைக்கு மேல் நீளமாய் விட்டாலும் அதிரும். செங்கோல் கொடுங்கோலாவது பெரும்பாலும் பிடியின் கடுமையால்தான் போலும்.

தேக்கில் கடைந்த பேனா ஆசிரியரிடம் சேர்ந்தது. மரமும் வளையமும் கூடும் இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை சுற்றித் தடவினார். ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பழைய உறையின் பின்புறம் மெல்ல, கோணலாக, தம் பெயரை முழுதாக எழுதினார்.