தேதி பார்த்து வரும் வலி



நம் தோட்டப்புறத்தில் எந்த நோவுக்கும் கைமருந்து சொல்ல ஆள் உண்டு. ஆனால், "மாதவிலக்கு நாளில் வெளிக்குப் போனால் உயிர் போகிறது போல வலிக்கிறது" என்று நம்மில் எத்தனை பேர் வாய் திறந்து சொல்லியிருக்கிறோம்? மாதவிலக்கைப் பற்றிப் பேசவே கூச்சம். மலம் கழிப்பதைப் பற்றிப் பேச அதைவிடக் கூச்சம். இரண்டும் சேர்ந்தால் வாய்க்குப் பூட்டுத்தான். அந்தப் பூட்டுக்குள்ளே ஒரு நோய் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு நானே சாட்சி.

நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். 31 வயதில் இந்த வலி தொடங்கியது. மாதத்தில் மூன்று நாள் வயிறு உப்பும். மலம் இறங்கும்போது ஆசனவாயில் ஊசி குத்துவது போலிருக்கும். ஒரு கிளினிக்கில் மூலம் என்றார்கள். இன்னொன்றில் வாயுக்கோளாறு என்றார்கள். வயிற்றின் மேல் வைத்து ஸ்கேன் எடுத்தவர், "கர்ப்பப்பை நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை" என்றார். ஒன்றுமில்லை என்று தாளில் வந்த பிறகு வீட்டில் யார் நம்புவார்கள்? "எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே" என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பெரட்டுக்குப் போக முடியாமல் படுத்துக் கிடக்கும் சகோதரிகள் கேட்கும் பேச்சும் இதுதானே!

38 வயதில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டேன். என் மருத்துவ விடுப்புத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். அந்தப் பெண் மருத்துவர் தாளைப் பார்த்தார். ஏறத்தாழ 28 நாளுக்கு ஒரு விடுப்பு! "இந்த வலி தேதி பார்த்து வருகிறதே, அம்மா. மூலத்துக்கு நாட்காட்டி தெரியாது" என்றார்.

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்தோலைப் போன்ற திசு வெளியே வளர்வதுதான் இது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் சிலருக்கு அது ஆழமாக இறங்கிக் குடலைப் பிடிக்கிறது. பெரும்பாலும் பிடிபடுவது கர்ப்பப்பைக்குப் பின்னால் இருக்கும் மலக்குடலும் அதற்குச் சற்று மேலுள்ள பகுதியும்தான். இது புற்றுநோய் அல்ல. ஆனால் வலியோ பொய் அல்ல.

பிறகு எனக்கு வேறு வகை ஸ்கேன் எடுத்தார்கள். விரல் போன்ற மெல்லிய கருவியைப் பிறப்புறுப்பு வழியாக வைத்துப் பார்ப்பது. சொல்லக் கூச்சம்தான், ஆனால் சில நிமிட வேலை. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, வெறும் ஒலி அலைதான். 1950-களில் இயன் டொனால்ட் என்ற மருத்துவர், இரும்பில் விரிசல் தேடும் கருவியைக் கிளாஸ்கோ நகரில் பெண்களின் வயிற்றில் பயன்படுத்திப் பார்த்தார். 1958-இல் அதைப் பற்றி எழுதினார். அந்த வழியில் வந்ததுதான் இது.

அந்த மருத்துவர் திரையைக் காட்டி விளக்கினார். நலமான உடம்பில் கர்ப்பப்பையும் மலக்குடலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். எனக்கு நகரவில்லை; ரப்பர் பாலில் தோய்த்த இரு விரல்கள் ஒட்டிக்கொண்டது போல இருந்தன. குடல் சுவரின் தசையில் கறுப்பாகத் தடித்த ஒரு முடிச்சு. அளந்தார்: 18 மில்லிமீட்டர். ஏழு ஆண்டு வேதனைக்கு அன்றைக்குத்தான் ஒரு உருவம் கிடைத்தது. எனக்கு அழுகை வந்தது, பயத்தால் அல்ல.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முதல் ஸ்கேன் பொய் சொல்லவில்லை. அது குடலைத் தேடவே இல்லை. இந்த முடிச்சைக் காண, தேடிப் பழகிய கண்ணும் கையும் வேண்டும். ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-இல் தந்த வழிகாட்டியும் இதையொட்டியே பேசுகிறது: நோயைக் கண்டுபிடிக்க எல்லோருக்கும் வயிற்றில் துளை போட்டுப் பார்க்க வேண்டியதில்லை, அதேசமயம் ஸ்கேன் சுத்தமாக வந்ததால் நோயே இல்லை என்றும் முடிவு கட்டக்கூடாது.

மணமாகாத பெண்பிள்ளைகளின் தாய்மார்கள் தயங்க வேண்டாம். அவர்களுக்கு வயிற்றின் மேலோ, ஆசனவாய் வழியாகவோ ஸ்கேன் செய்யலாம், எம்.ஆர்.ஐ. எடுக்கும் வழியும் உண்டு. மருத்துவர் கேட்டுத்தான் செய்வார்.

எனக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். அது முடிச்சைக் கரைத்துவிடவில்லை, அடக்கி வைத்திருக்கிறது. இப்போது மாதம் முழுவதும் வகுப்பில் நிற்கிறேன். சிலருக்கு அறுவை தேவைப்படலாம். அப்போதும் முடிச்சு எங்கே, எவ்வளவு ஆழம் என்று ஸ்கேன் முன்கூட்டியே சொன்னால், குடல் மருத்துவரும் உடன் இருக்க ஏற்பாடு செய்யலாம்.

ஆகவே சகோதரிகளே, பிள்ளைகளின் பழைய நோட்டில் ஒரு பக்கம் போதும். மாதவிலக்குத் தேதியை ஒரு வரிசையில் எழுதுங்கள். வயிற்று வலி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், தாம்பத்தியத்தில் வலி, எது வந்தாலும் அந்தத் தேதியை எதிர் வரிசையில் எழுதுங்கள். இரத்தம் எந்த நாளில் வந்தாலும் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். இரண்டு வரிசையும் மாதாமாதம் ஒத்துப்போனால், அந்தத் தாளை அரசாங்கக் கிளினிக்கில் நீட்டி, "என் குடலையும் பார்க்கிற ஸ்கேன் வேண்டும், டாக்டர்" என்று கேளுங்கள். வாய் கூசினாலும் தாள் பேசும்.

வீட்டு ஆண்களே, அந்தத் தாளோடு நீங்களும் கூடப் போங்கள்.