கண்டி வீதியருகே ஒரு வீடு

கொழும்பு வெள்ளவத்தையிலே மாடிவீடு வாங்குவோர், காலி வீதி எவ்வளவு தூரம் என்று வினவுவர். கிளிநொச்சியிலே வீடு தேடுவோரும் கண்டி வீதியின் அண்மையையே நாடுகின்றனர். கடையும் பஸ்ஸும் பள்ளிக்கூடமும் அருகிருப்பது நன்றே. ஆயினும் இம்மண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. இரணைமடுக் குளத்தை நம்பி வயல் செய்ய வந்த குடியேற்றவாசிகள் வளர்த்த ஊர் இது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற காணிகளை அரச இணக்கமின்றி விற்றல் இயலாது. அன்றியும், 1996இலும் 2008இலும் ஊரே இடம்பெயர்ந்தபோது பத்திரங்களை இழந்தோர் பலர்.

ஆதலால், சுவரின் வண்ணத்தைப் பார்க்குமுன் பிரதேச செயலகப் பதிவைப் பாருங்கள். முன்னர் அங்கே குடியிருந்தவர் யாரென அயலவரிடம் கேளுங்கள். கேளாது வாங்கினால், அவர் திரும்பிவரும் நாளில் இரு குடும்பங்களும் துன்புற நேரும்.